தும்மலை எண்ணுங்கள்: ஆப்பிரிக்கக் காட்டு நாய்க் கூட்டத்தைக் கவனிக்கத் தொடங்குவது எப்படி?

வெளியே கிளம்பும்போது யாராவது ஒற்றைத் தும்மல் போட்டால், கொஞ்சம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகச் சொல்வார் பாட்டி. ஆப்பிரிக்கக் காட்டு நாய்கள் நேர் எதிர். போதுமான தும்மல் விழாவிட்டால் பெரும்பாலும் திரும்பப் படுத்துவிடும்.

முதல் முறை தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் இவற்றைப் பார்த்தபோது, எல்லோரையும் போல நானும் வேட்டைக்காகத்தான் காத்திருந்தேன். எழுந்தன, ஓடின, புதருக்குள் மறைந்தன. சாலையை விட்டு காரை இறக்கக் கூடாது என்பது அங்கே விதி. கையில் மிஞ்சியது சில மங்கலான பின்பக்கப் படங்கள். ஓடுவதற்கு முந்தைய பத்து நிமிடத்தை, "இன்னும் கிளம்பலையே" என்று சலித்துக்கொண்டே கோட்டை விட்டிருந்தேன். கூட்டத்தின் குடும்பக் கதை முழுவதும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது.

(நம் முதுமலைச் செந்நாய் வேறு இனம். ஆனால் பொறுமையாகக் கவனித்துக் குறிப்பெடுக்கும் முறை அதற்கும் பொருந்தும்.)

படி 1: தூங்கும் கூட்டத்தைத் தேடுங்கள்

இவை விடியலிலும் அந்தி நேரத்திலும் சுறுசுறுப்பாக இருக்கும்; நடுப்பகலில் நிழலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். மூன்று, மூன்றரை மணிக்குத் தூங்கும் கூட்டம் கண்ணில் பட்டால் அங்கேயே காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சத்தம் இருந்தால் தும்மல் கேட்காது. ஒன்றை மறக்க வேண்டாம்: குளிர்காலத்தில் க்ரூகர் முகாம்களின் வாயில்கள் மாலை 5.30, 6 மணிக்கே மூடிவிடும். திரும்பும் தூரத்தைக் கணக்குப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் சுற்றும் பரப்பு பல நூறு சதுர கிலோமீட்டர். குட்டி போடும் பருவத்தில் மட்டும், தெற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய மே இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை, ஒரே வளையைச் சுற்றி இருக்கும். பெரும்பாலும் ஆர்ட்வார்க் என்ற விலங்கு தோண்டிவிட்டுப் போன பொந்துதான் அந்த வளை. அதைத் தேடிக்கொண்டு போகாதீர்கள். போட்ஸ்வானாவின் மொரெமி போன்ற இடங்களில் அனுபவமுள்ள வழிகாட்டியோடு போனால், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை அவர் சொல்வார்.

படி 2: ஆளை அடையாளம் பிடியுங்கள்

எது எதனிடம் போனது என்று தெரியாவிட்டால் குறிப்பு எழுதிப் பயனில்லை. கறுப்பு, மஞ்சள், வெள்ளைத் திட்டுகள் ஒவ்வொரு நாய்க்கும் தனி. இடப்பக்கமும் வலப்பக்கமும்கூட ஒன்றுபோல் இருக்காது. வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு நாயின் வெற்றுக் கோட்டுப்படத்தை இரு பக்கமும் வரைந்து இருபது நகல் எடுத்துக்கொள்ளுங்கள். காதுக் கிழிசல், வாலில் வெள்ளை தொடங்கும் இடம், தோள் திட்டு ஆகியவற்றைக் குறித்தால் போதும். பிறகு பெயர் வையுங்கள். நான் "கிழிகாது", "அரைநிலா" என்றெல்லாம் வைத்தேன். சுற்றுலாப் பயணிகள் எடுத்த படங்களின் திட்டுகளை ஒப்பிட்டுத்தான் க்ரூகரில் இவற்றின் தலையை எண்ணி வந்திருக்கிறார்கள். அதனால் உங்கள் படமும் வீண்போகாது.

படி 3: இரண்டே பத்தி உள்ள நோட்டு

விலங்கு நடத்தையை எப்படிக் குறிப்பெடுப்பது என்று ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரை இன்றும் இந்தத் துறையின் பாலபாடம். அதிலிருந்து இரண்டு வழிகள் தொடக்கக்காரருக்குப் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லா நாய்களையும் ஒரு பார்வை பார்த்து எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை நிற்கின்றன என்று இடப்பத்தியில் எழுதுங்கள். தும்மல் போன்ற குறிப்பிட்ட செயல் நடக்கும் ஒவ்வொரு முறையும் வலப்பத்தியில் நேரத்தோடு எழுதுங்கள்.

"கோபப்பட்டது" என்று எழுதாதீர்கள். "காதைப் பின்னால் மடித்தது" என்று எழுதுங்கள். கை பழக, ஒரு வாரம் உங்கள் தெரு நாய்களிடம் முயன்று பாருங்கள்.

படி 4: எழும் நேரம்

இங்கேதான் நிதானம் வேண்டும். ஒன்று எழுந்து சோம்பல் முறிக்கும். தலையைத் தாழ்த்தி, வாயைத் திறந்து, காதை மடித்துக்கொண்டு இன்னொன்றிடம் போகும். சட்டென்று கூட்டமே எழுந்து, வாயோரத்தை நக்கி, கீச்சுக்கீச்சென்று பறவை போலக் கத்தி, ஒன்றையொன்று சுற்றி ஓடும். பெரிய நாய்கள் குட்டியாகிவிட்டனவோ என்று தோன்றும். அது ஓரளவு உண்மை. குட்டிகள் உணவு கேட்டு வாயைக் கிளறும் அதே சைகைதான் பெரியவற்றின் வணக்கத்திலும் இருக்கிறது.

நடுநடுவே மூக்கிலிருந்து வெடுக்கென்று காற்று வெளிவரும் ஒலியை எண்ணுங்கள். மொரெமியில் இப்படிக் கூட்டமே எழுந்து சேரும் 68 ஒன்றுகூடல்களைக் கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. ஒன்றுகூடலை எந்த நாய் தொடங்கியது என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறியது. தலைமை ஜோடியில் ஒன்று தொடங்கியிருந்தால் சுமார் 3 தும்மலில் கூட்டம் கிளம்பியது. மற்றவை தொடங்கியிருந்தால் சுமார் 10 தேவைப்பட்டது. வாக்குச்சீட்டு என்று சொல்ல ஆசைதான், ஆனால் வேண்டுமென்றே தும்முகின்றனவா, மூக்கைச் சுத்தம் செய்கின்றனவா என்பதை எண்ணிக்கை மட்டும் சொல்லாது. ஆகவே நோட்டில் இப்படி இருக்கட்டும்:

4.20 – கிழிகாது எழுந்தது, அரைநிலாவிடம் போனது
4.22 – ஆறு நாய்கள் நிற்கின்றன, தும்மல் 2
4.24 – திரும்பப் படுத்தன
4.41 – அரைநிலா தொடங்கியது, தும்மல் 4, கிளம்பின

படி 5: தலைமை ஜோடி எது?

சண்டையில் தேடாதீர்கள், இவற்றுக்குள் சண்டை குறைவு. ஒரே இடத்தில் அடுத்தடுத்துச் சிறுநீர் கழித்து அடையாளம் வைக்கும் ஆணும் பெண்ணும்தான் பெரும்பாலும் அந்த ஜோடி. குட்டி போடுவதும் பெரும்பாலும் அந்தப் பெண்தான்.

படி 6: பந்தி வரிசை

சிங்கக் கூட்டத்தில் குட்டிகளுக்கு மிச்சம்தான் கிடைக்கும். இங்கே இரையிடம் முதல் பந்தி குட்டிகளுக்கு. பெரியவை விலகி நின்று காவல் காக்கும். வளைக்குத் திரும்பும் வேட்டை நாய்கள் விழுங்கிய இறைச்சியைக் கக்கிக் கொடுக்கும். குட்டிகள், தாய், காவலுக்குத் தங்கிய நாய், சில சமயம் காயம்பட்டதும் அதில் பங்கு பெறும். யார் கொடுத்தது, யார் வாங்கியது என்று இரண்டு பெயர் எழுதினால் போதும்.

செய்யக் கூடாதவை

வேட்டைக்கு ஓடும் நாயைக் காரில் துரத்துவது. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பது. கூட்டத்தைத் தொலைத்த நாய் ஆந்தைபோல "ஊ... ஊ..." என்று கூவும், அதைப் போலிசெய்து ஏமாற்றுவது பாவம். வளை இருக்கும் இடத்தை இணையத்தில் போடுவது. படங்களைப் பகிரும் முன் கைப்பேசியில் இடக்குறிப்பை அணைத்துவிடுங்கள்.

அன்றிரவே முகாமில் உட்கார்ந்து படங்களையும் கோட்டுப்படங்களையும் ஒப்பிடுங்கள். மறுநாள் காலையில் கிழிகாதுக்குக் கிழிந்தது எந்தக் காது என்பதே மறந்திருக்கும்.