மீனின் வடிவத்தைப் பார்த்து அது நீந்தும் விதத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் யாராவது திலாப்பியா பிடித்து வைத்திருந்தால் ஒன்றைக் கையில் வாங்கி, முதலில் முகத்துக்கு நேராகத் திருப்பிப் பாருங்கள். உடம்பு உயரமாகவும் தட்டையாகவும் இருக்கும். இப்படிப்பட்ட மீன் சட்டென்று திரும்பும், ஆனால் அந்த அகலமான பக்கத்தில் வேகமான நீரோட்டம் மோதினால் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் அமைதியான தண்ணீர்தான் அதற்குத் தோது. அப்புறம் செவுளுக்குப் பின்னால் உள்ள சோடிச் செட்டைகளை விரித்துப் பாருங்கள். ஒரே இடத்தில் நிற்க, பிரேக் போட, மெல்ல நகர எல்லாம் அவைதான். முதுகுச் செட்டை உடம்பு உருளாமல் பிடித்துக்கொள்ளும்.

நான் முதலில் பார்ப்பது வாலைத்தான். அகன்ற வால் என்றால் திடீர்ப் பாய்ச்சல், சூரைக்கு இருப்பதுபோல ஒடுங்கிய பிறை வால் என்றால் களைப்பில்லாத நீண்ட ஓட்டம்.

ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டுக்கு நடு உடம்பு உருண்டு தலைப்பக்கமும் வால்பக்கமும் ஒடுங்கும், அதனால் பின்னால் சுழல் குறைவு, இழுவையும் குறைவு. அதைப் பிடிக்க வேண்டாம், கரையில் அசையாமல் நின்றாலே போதும்: எதிர்நீரில் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு நிற்பது தெரியும்.