ஸ்விஃப்ட் பம்பரை வீட்டு முற்றத்திலேயே கழற்றுவது எப்படி?

போன மாசியில் பிசான நெல் அறுவடை முடிந்த நேரம். பத்தமடையைத் தாண்டிச் சேரன்மகாதேவி போகும் சாலையில் வைக்கோலைப் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். ஒதுங்க இடமில்லை, மேலேறித்தான் போனேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் முன்பம்பரின் கீழே வைக்கோல் தாடிபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. பிடித்து இழுத்தேன். பாதி கையோடு வந்தது, பாதி உள்ளேயே அறுந்து நின்றுவிட்டது. சூடாகும் என்ஜினுக்குப் பக்கத்தில் காய்ந்த வைக்கோலை விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. பட்டறையில் விசாரித்தேன். "வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் அண்ணாச்சி, இரண்டு நாளில் பார்க்கலாம்" என்றார்கள். வைக்கோல் எடுக்க இரண்டு நாளா என்று நானே உட்கார்ந்துவிட்டேன். அன்று பட்டுத் தெரிந்ததும், பிறகு கழற்றி மாட்டிப் பழகியதும்தான் கீழே வருவது.

முதலில் வண்டி. என்னுடையது 2011 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த இரண்டாம் தலைமுறை ஸ்விஃப்ட், பெட்ரோல். நீளம் 3,850 மில்லிமீட்டர், என்ஜின் 1,197 சிசி. சிறிய கார் என்று வரி குறைய வேண்டுமானால் நீளம் 4,000 மில்லிமீட்டருக்குள்ளும் பெட்ரோல் என்ஜின் 1,200 சிசிக்குள்ளும் இருக்க வேண்டும். அந்தக் கோட்டை ஒட்டி வெட்டிய சட்டை இது. டவுனில் சந்துக்குள் மாட்டிக்கொண்டாலும் 4.8 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். டிக்கி 204 லிட்டர்தான். குற்றாலம் போனால் நாலாவது ஆளின் பை மடியில்தான். தரையிலிருந்து உயரம் 170 மில்லிமீட்டர். வேகத்தடைக்குப் போதும், வைக்கோலுக்குப் போதாது.

நாம் பம்பர் என்று சொல்வது உண்மையில் மேல்தோல். வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக். அடியைத் தாங்கும் இரும்புச் சட்டம் அதற்குப் பின்னால் வண்டியின் உடலோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருக்கிறது. அதை நாம் தொடப்போவதில்லை. தோலைப் பிடித்திருப்பவை சில பிளாஸ்டிக் கிளிப்புகள், சில திருகுகள், இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொரு கொக்கி வரிசை. எதற்கும் பலம் தேவையில்லை. இழுத்து வரவில்லை என்றால் ஏதோ ஒன்றைக் கழற்ற மறந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

வேண்டிய சாமான்கள்: ஒரு ஸ்டார் திருப்புளி, ஒரு சிறிய தட்டைத் திருப்புளி, 10-ஆம் நம்பர் ஸ்பேனர், மாஸ்கிங் டேப், ஒரு பழைய கோரைப்பாய், ஒரு முட்டை அட்டை. பாய், கழற்றிய பம்பரைக் கிடத்த. சிமென்ட் தரையில் வைத்தால் பெயின்ட் போய்விடும். முட்டை அட்டை கிளிப்புகளுக்கு. கழற்றும் வரிசையிலேயே குழிக்கு ஒன்றாகப் போட்டு வந்தால் எது எங்கிருந்து வந்தது என்று பிறகு தலையைச் சொறிய வேண்டாம். உதவிக்கு ஓர் ஆள் வேண்டும். பிடிக்கச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளாக இருந்தால் நல்லது. யோசனை சொல்கிற மச்சான் வேண்டாம்.

வெயில் கொஞ்சம் ஏறிய பிறகு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது தொடங்குங்கள். பிளாஸ்டிக் லேசாகச் சூடேறியிருந்தால் ஒடியாமல் வளையும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுங்கள். ஜாக்கி வேண்டாம்; தரையில் உட்கார்ந்தே கை எட்டும்.

சக்கர வளைவில் ஆரம்பியுங்கள். இடப்பக்கம் வேலை செய்ய ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுக்கத் திருப்பினால், சக்கரத்துக்கு முன்னால் கை நுழைய இடம் கிடைக்கும். மறுபக்கத்துக்கு நேர்மாறு. என்ஜின் ஓடாமல் ஸ்டியரிங் கனக்கும் என்பதால்தான் இந்த வேலையை முதலில் வைத்துக்கொள்கிறேன். பம்பரும் மட்கார்டும் சந்திக்கும் முனையில், உள்பக்கமாக ஒரு திருகு ஒளிந்திருக்கும். சேறு அப்பியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. விரலால் தடவிப் பாருங்கள். திருகின் தலைக்குள் இருக்கும் மண்ணைத் தட்டைத் திருப்புளியால் கிளறி எடுத்துவிட்டுத் திருப்புங்கள். இல்லாவிட்டால் தலை வழுக்கிவிடும். இரண்டு பக்கமும் முடிந்ததும் ஸ்டியரிங்கை நேராக்கி, சாவியை எடுத்துவிடுங்கள்.

இப்போது பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் கழற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பத்து நிமிடம் சும்மா இருங்கள். ஒரு டீ குடிக்கலாம். கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும், அவ்வளவுதான்.

மேலே கிரில்லின் ஓரமாக வரிசையாகக் கறுப்புக் கிளிப்புகள் தெரியும். ஆரம்பக்காரர்கள் நாசம் செய்வது இங்கேதான், அதனால் நின்று பார்ப்போம். கிளிப்பின் தலை ஒரு சட்டைப் பொத்தான் அளவு. நடுவில் ஒரு குட்டி ஊசி. இதில் இரண்டு சாதி உண்டு. நடு ஊசியில் ஸ்டார் வெட்டு இருந்தால் திருப்புளியால் மெதுவாகத் திருப்ப, ஊசி மேலே எழும்பும்; பிறகு தலையோடு சேர்த்துத் தூக்கிவிடலாம். வெட்டு இல்லாமல் மொழுக்கென்று இருந்தால், ஊசியைத் திருப்புளி முனையால் உள்ளே லேசாக அமுக்குங்கள். 'டிக்' என்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் இறங்கும். அதற்கு மேல் அமுக்கினால் ஊசி உள்ளே விழுந்துவிடும். இறங்கியதும் கிளிப்பின் கால்கள் சுருங்கிவிடும், நகத்தாலேயே எடுக்கலாம். முதல் நாள் நான் இந்த இரண்டாவது சாதியைக் குறடு போட்டுப் பிடுங்கி நான்கை ஒடித்தேன். புதியவை ஆட்டோமொபைல் கடைகளில் உதிரியாகவே கிடைக்கும். கையில் சில வைத்திருங்கள். பம்பரின் அடியில் இருப்பவற்றையும் இதேபோல எடுத்துவிடுங்கள்.

மட்கார்டின் விளிம்பில் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். சக்கர வளைவு முனையில் பம்பரைப் பிடித்து, முன்னோக்கி இழுக்காமல், உங்களைப் பார்த்து வெளிப்பக்கமாக இழுங்கள். சடசடவென்று கொக்கிகள் விடும். அந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். ஹெட்லைட்டுக்குக் கீழே வரும்வரை ஒவ்வொன்றாக விடுவித்து, மறுபக்கமும் அப்படியே. பிறகு ஆளுக்கு ஒரு முனை பிடித்து முன்னால் எடுங்கள், ஒரு சாண் மட்டும். ஃபாக் லேம்ப் இருந்தால் அதன் ஒயர் இன்னும் மாட்டியிருக்கும். கனெக்டரின் நாக்கை அமுக்கி உருவுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்காதீர்கள். நம்பர் பிளேட் பம்பரோடேயே வரட்டும். உயர் பாதுகாப்புப் பிளேட்டின் பூட்டை ஒரு தடவை உடைத்தால் திரும்ப மாட்ட முடியாது.

உள்ளே முதலில் தெரியும் சல்லடை ரேடியேட்டர் அல்ல, ஏசியின் கண்டென்சர். ரேடியேட்டர் அதற்குப் பின்னால். என் வண்டியில் கண்டென்சரின் கீழ்ப் பாதி முழுக்க வைக்கோலும் தும்பிச் சிறகும் அடைத்துக்கிடந்தன. அதற்கு முந்தின சித்திரையில் ஏசி ஏன் முனகியது என்று அப்போதுதான் புரிந்தது. கையால் பொறுக்கிவிட்டு, தோட்டத்து ஹோஸ் தண்ணீரை மெதுவாக விடுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும்.

பம்பரைக் கழற்றியதைப் பார்த்துவிட்டு, இரும்புக் கம்பி கார்டு போட்டுக்கொள்ளச் சொல்லிப் பக்கத்து வீட்டில் வருவார்கள். 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அதைத் தடுக்கச் சொல்லிவிட்டது. மோதலின் வேகத்தை அது நேராக வண்டியின் இரும்புச் சட்டத்துக்குக் கடத்திவிடும். எதிரே நடந்து வருகிறவர் கதியைச் சொல்ல வேண்டியதில்லை.

பின்பம்பர் சுலபம். டிக்கியைத் திறந்து, பின்விளக்கின் திருகுகளை எடுத்து விளக்கை நேராகப் பின்னோக்கி உருவுங்கள். பம்பரின் மேல்முனைத் திருகுகள் அதற்கடியில் இருக்கும். மற்றவை முன்பக்கம் போலவே. ரிவர்ஸ் சென்சார் போட்டிருந்தால் அதன் ஒயரை மறந்து இழுத்துவிடாதீர்கள்.

மாட்டும்போது முதலில் ஒயர், பிறகு ஓரத்துக் கொக்கிகளை உள்ளங்கையால் தட்டி உட்கார வையுங்கள், கடைசியில் கிளிப்புகள். மொழுக்கு ஊசிக் கிளிப்புக்கு ஊசியைப் பின்னாலிருந்து தள்ளி மேலே நீட்டவிட்டு, துளையில் நுழைத்து, தலையோடு சமமாகும்வரை அமுக்க வேண்டும். பேட்டரியை மாட்டி ஃபாக் லேம்பைப் போட்டுப் பாருங்கள். முட்டை அட்டையையும் ஒரு தடவை பாருங்கள். எனக்கு அன்று ஒரு குழியில் ஒரு கிளிப் மிச்சம் இருந்தது. வலப்பக்கச் சக்கர வளைவுக்கு அடியில் மறுபடி படுக்க வேண்டியதாயிற்று.