ஹெச் 66.90-இல் மாட்டிக்கொண்ட கதை

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு அலுவலகத்தில் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்கு, அதாவது மருத்துவக் குறிப்புகளுக்கு, மெடிக்கல் கோடிங் செய்கிறேன்; டாக்டர் எழுதிய நோய்க்கு உரிய கோடு எண்ணைப் போடும் வேலை. நடுக்காதுத் தொற்று என்றாலே கை தானாக ஹெச் 66.90 போட்டுவிடும், எந்த வகை, எந்தக் காது என்று எதையும் சொல்லாத கோடு அது, ஆடிட்டில் வரிசையாகத் திரும்பி வந்தது. டாக்டர் சரியாக எழுதவில்லை என்று புலம்பினேன். பார்த்தால் பாதி சார்ட்டில் பரிசோதனைப் பகுதியிலேயே வலது காது என்று இருக்கிறது, நான்தான் கடைசி வரியை மட்டும் படித்திருக்கிறேன்.

இப்போது மேலிருந்து படிக்கிறேன். வலது என்றால் 66.91, இடது 66.92, இரண்டும் 66.93. திடீர்ச் சீழ்த் தொற்று, வலது காது, செவிப்பறை கிழியவில்லை என்று டாக்டரே எழுதியிருந்தால் 66.001, தானாகக் கிழிந்திருந்தால் 66.011. செவிப்பறை சிவந்து வீங்கியிருக்கிறது என்று மட்டும் இருந்தால் சீழ் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது, டாக்டருக்குக் கேள்வி அனுப்ப வேண்டும். பதில் வரும்வரை சார்ட் ஹோல்டில் கிடக்கும், டீம் லீடர் முறைப்பார்.