பீர் கெட்டிலுக்கு வால்வு: பற்றவைப்பதா, கழற்றி மாட்டுவதா?

வீட்டில் நாலைந்து தடவை பீர் காய்ச்சியவர்கள் எல்லோரும் கெட்டிலின், அதாவது காய்ச்சும் பெரிய பானையின், அடியில் ஒரு வால்வு இருந்தால் தேவலை என்று நினைப்பார்கள். நினைக்கத்தான் வேண்டும். கொதிக்கக் கொதிக்க 19 லிட்டர் வோர்ட்டைத் தூக்கிச் சாய்ப்பது உயிரோடு விளையாடுகிற வேலை. மால்ட்டை ஊறவைத்து வடித்த அந்த இனிப்புச் சாறு தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும்.

நான் இருப்பது அமெரிக்காவில். 1978இல் திருத்திய கூட்டரசுச் சட்டப்படி இங்கே வீட்டில் பீர் காய்ச்சலாம். கீழே சொல்லும் அளவுகளும் இங்கத்திய கடைகளில் கிடைப்பவைதான்.

முதல் கெட்டிலுக்குப் பற்றவைக்க வேண்டாம், கழற்றி மாட்டும் வகையே போதும் என்பது என் கருத்து. ஓட்டை எங்கே இருக்க வேண்டும் என்பது சில முறை காய்ச்சிய பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

1. பானையைப் பாருங்கள்

எவர்சில்வரோ அலுமினியமோ எதுவானாலும் சரி. எனாமல் பானையை மட்டும் துளைக்காதீர்கள், பூச்சு பெயர்ந்துவிடும். பழைய பீர் கெக்கை (பீர் அடைத்து வரும் உலோகப் பீப்பாயை) வெட்டிப் பயன்படுத்துவதானால் முறையாக விலைக்கு வாங்குங்கள். முன்பணம் கட்டி எடுத்த கெக் மதுவாலைக்குச் சொந்தமானது.

2. இடம் குறியுங்கள்

அடிப்பாகம் தடித்த தட்டாக இருந்தால் அதற்கும், அடி வளைவுக்கும் மேலே, சுவர் நேராகும் இடத்தில் குறியுங்கள். நட்டும் வாஷரும் சமதளத்தில் உட்கார இடம் வேண்டும்.

3. துளையிடுங்கள்

நிதானம் தேவைப்படும் இடம் இதுதான். அரை அங்குல ஃபிட்டிங்குக்கு (வால்வைப் பானையில் பொருத்தும் மரைத் துண்டு) பெரும்பாலும் 13/16 அல்லது 7/8 அங்குல ஓட்டை. நீங்கள் வாங்கிய செட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். சென்டர் பஞ்சால் ஒரு குழி தட்டி, கோபால்ட் பிட்டால் சின்ன ஓட்டை போட்டு, பிறகு ஸ்டெப் டிரில்லால் படிப்படியாகப் பெரிதாக்குங்கள். எவர்சில்வரில் வேகம் கூடாது. மெதுவாகச் சுற்றவிட்டு, அழுத்திப் பிடித்து, எண்ணெய் விட்டுக்கொண்டே இருங்கள். சுருள் சுருளாக உலோகம் வந்தால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். கிறீச்சென்று சத்தம் மட்டும் வந்து சுருள் வரவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள், அந்த இடம் சூடேறி இறுகத் தொடங்கிவிட்டது.

ஓட்டை விழுந்ததும் விளிம்பை அரத்தால் தேயுங்கள். பிசிறு கொஞ்சம் மிச்சம் இருந்தாலும், கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங்கை அறுத்துவிடும். விரல் நுனியை மெல்ல ஓட்டிப் பாருங்கள், எங்கேயும் இடறக்கூடாது.

4. மாட்டுங்கள்

சிலிக்கான் ஓ-ரிங் உள்பக்கம் உட்காரும் செட்டாக வாங்குங்கள். வெளியே இருந்தால் அடுப்புச் சூடு நேராகத் தாக்கும், ஓட்டைக்கும் மரைக்கும் நடுவே வோர்ட்டும் தங்கும். என்.பி.டி. (அமெரிக்கக் குழாய்களின் அளவு முறை) மரை கூம்பு வடிவம், டெஃப்லான் டேப் சுற்றாமல் மாட்டினால் ஒழுகும். கையால் முடிந்தவரை இறுக்கிவிட்டு ஸ்பானரால் கால் சுற்று திருப்பினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் ஓ-ரிங் பிதுங்கி வெளியே வரும், கசிவு அதிகமாகும்.

5. சோதியுங்கள்

தண்ணீர் நிரப்பி ஒரு இரவு வையுங்கள். மறுநாள் அதே தண்ணீரைக் கொதிக்கவிட்டுப் பாருங்கள். குளிர்ந்தபோது ஒழுகாத இடம் சூட்டில் ஒழுகலாம்.

எப்போது பற்றவைக்கலாம்?

பானைச் சுவர் மெல்லியதாக இருந்து, குழாயின் எடையில் ஃபிட்டிங் அசைந்து அடிக்கடி கசிந்தால் பற்றவைப்பது நல்லது. ஆனால் உணவுப் பாத்திர வேலை தெரிந்த டிக் (வாயு மூடி மின்வில்லால் பற்றவைக்கும் முறை) வெல்டரிடம் கொடுங்கள். பற்றவைக்கும்போது உள்பக்கமும் ஆர்கான் வாயு விட வேண்டும். நான் முன்பு ஒருவரிடம் கொடுத்த பானையில் அதைச் செய்யவில்லை. உள்ளே கருகிய சர்க்கரை மாதிரி சொரசொரவென்று ஒரு வளையம், சில மாதங்களில் அதில் துரு. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

இரண்டுக்கும் நடுவே இன்னொரு வழி, ஈயம் கலக்காத வெள்ளீய-வெள்ளிப் பற்றாசு (சால்டரிங்). வீட்டிலேயே செய்யலாம், உறுதியாகவும் நிற்கும். ஆனால் இது 221 டிகிரி செல்சியஸில் உருகத் தொடங்கும். தண்ணீர் இருக்கும்வரை பயமில்லை, வெறும் பானையை மட்டும் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

வால்வுக்கு வெளியே

குழாயை மாட்டிக் கழற்ற கேம்லாக் (பக்கத்துக் கைப்பிடிகளை மடக்கிப் பூட்டும் இணைப்பு) வசதியானது. வால்வில் எஃப் வகை (உள்ளே நுழையும் துண்டு), குழாய் முனையில் சி வகை (அதைப் பிடித்துக்கொள்ளும் துண்டு). பம்ப், சில்லர் (வோர்ட்டைக் குளிர்விக்கும் கருவி) என்று அடிக்கடி மாற்றுபவர்களுக்கு ட்ரை-கிளாம்ப் (இரண்டு விளிம்புகளைக் கவ்வியால் சேர்த்துப் பிடிக்கும் இணைப்பு) நல்லது. மரையே இல்லாததால் அழுக்கு தங்க இடமில்லை. விலை மட்டும் கூடுதல்.

கழுவுவது

பற்றவைத்தாலும் மாட்டினாலும் பால் வால்வின் (உள்ளே ஓட்டையுள்ள உருண்டை சுழன்று திறக்கும் வால்வு) உருண்டைக்குப் பின்னால் வோர்ட் தேங்கத்தான் செய்யும். அதனால் மூன்று துண்டாகப் பிரியும் வால்வாக வாங்குங்கள். ஒவ்வொரு முறை காய்ச்சி முடித்ததும் வால்வைத் திறந்து சுடுதண்ணீர் ஓடவிடுங்கள். நாலைந்து முறைக்கு ஒருதரம் முழுவதும் கழற்றி, ஓ-ரிங்குக்கு அடியில் படிந்திருக்கும் பழுப்புப் பிசுக்கைத் துணியால் துடைத்து, உலரவிட்டு மறுபடி மாட்டுங்கள். ஓ-ரிங்கில் வெடிப்போ தட்டையோ தெரிந்தால் அதை அப்போதே மாற்றிவிடுங்கள்.