வன்னியிலிருந்து பிரித்தானியாவுக்கு: இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் வாகனம் ஓட்டுவது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பகுதிகளிலிருந்து படிப்புக்காகவோ தொழிலுக்காகவோ பிரித்தானியாவில் குடியேறுபவர்கள், இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்துடன் அங்கே 12 மாதங்கள் வாகனம் ஓட்டலாம். ஆனால் அதைக் கொடுத்துவிட்டுப் பிரித்தானிய அனுமதிப்பத்திரத்தை மாற்றிப் பெற முடியாது. அங்குள்ள பரீட்சைகளில் சித்தியடைந்தே பெற வேண்டும். ஆகவே இந்த 12 மாதங்களைப் பரீட்சைக்கான தவணையாகக் கருதுவதே புத்திசாலித்தனம். கீழே உள்ளவை இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றுக்குரியவை.

முதற்படி, புறப்படுமுன் செய்ய வேண்டியது. உங்கள் அட்டையில் எந்த வாகன வகைகள் குறிக்கப்பட்டுள்ளன என்று பாருங்கள். எங்கள் பக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும் அனுமதி பெற்றுவிட்டு அதோடு நிறுத்திக்கொண்டவர்கள் பலர் உள்ளனர். அந்த அட்டையை வைத்துக்கொண்டு அங்கே கார் ஓட்ட முடியாது. அட்டை காலாவதியாகும் திகதி நெருங்கியிருந்தால் இங்கேயே புதுப்பித்துவிடுங்கள்.

இரண்டாவது, காலக் கணக்கு. 12 மாதங்கள் நீங்கள் கார் வாங்கிய நாளிலிருந்தோ முதன்முதலில் ஓட்டிய நாளிலிருந்தோ அல்ல, அங்கு வதிவாளராகிய நாளிலிருந்தே எண்ணப்படும்.

மூன்றாவது, காப்புறுதி. அனுமதிப்பத்திரம் இருந்தாலும், சித்தப்பாவின் காரை அவருடைய காப்புறுதியில் உங்கள் பெயர் சேர்க்கப்படாமல் ஓட்டினால் அது குற்றமாகும். 300 பவுண் அபராதமும் 6 தண்டப் புள்ளிகளும் கிடைக்கலாம், வாகனமும் பறிமுதல் செய்யப்படலாம். சொந்தக்காரரின் வாகனத்தைக் கேட்டு எடுத்து ஓடுவது ஊரில் சாதாரணம் என்பதால், இதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வலியுறுத்துவேன்.

நான்காவது, தற்காலிக அனுமதிப்பத்திரம் (provisional licence), அதாவது பயிலுநருக்கான அனுமதிப்பத்திரம். வதிவிட முகவரி கிடைத்தவுடன் இணையத்தில் விண்ணப்பியுங்கள். கட்டணம் 34 பவுண். குறைந்தது 185 நாட்கள் அங்கு வாழும் அனுமதி இருக்க வேண்டும். இதைப் பெற்றுக்கொண்டாலும், 12 மாதங்கள் முடியும்வரை பயிலுநரைக் குறிக்கும் 'எல்' தகடு இல்லாமலே தனியாக ஓட்டலாம்.

ஐந்தாவது, எழுத்துப் பரீட்சை. இதற்குக் கட்டணம் 23 பவுண். 50 கேள்விகளில் 43 சரியாக இருக்க வேண்டும். முன்பு இதைத் தமிழ்க் குரல்வழியில் எழுத முடிந்தது. 2014 ஏப்ரலில் அந்த வசதி நிறுத்தப்பட்டது. அடுத்து வருவது 14 காணொளிகளில் ஆபத்து உருவாகும் தருணத்தைக் கண்டு சொடுக்கும் பகுதி. 75க்கு 44 புள்ளிகள் தேவை. பற்றைக்குள்ளிருந்து கட்டாக்காலி மாடு எந்நேரமும் வீதிக்கு ஏறலாம் என்று பார்த்தே ஓட்டிப் பழகிய வன்னிச் சாரதிக்கு இந்தத் திறமை புதிதல்ல. ஆனால் அவசரப்பட்டுத் தொடர்ந்து சொடுக்கிக்கொண்டிருந்தால் அந்தக் காணொளிக்குப் பூச்சியமே கிடைக்கும்.

ஆறாவது, செய்முறைப் பரீட்சை. வார நாளில் 62 பவுண். பல இடங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால், எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்த அன்றே திகதி பதிவு செய்யுங்கள். அங்கும் இடப்பக்கமே ஓடுவதால் பாதிப் பயம் நீங்கிவிடும். சிக்கல் பழக்கத்தில்தான் இருக்கிறது. ஏ9 வீதியில் லொறியை முந்தும்போது ஹோர்ன் அடிப்பது எச்சரிக்கை. அங்கே காரணமின்றி அடித்தால் கோபமாகவே கொள்ளப்படும். சுற்றுவட்டத்தில் வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்துக்கு வழிவிடுங்கள். உள்ளே நுழைய இடைவெளியை உருவாக்க முயலாமல், இடைவெளி வரும்வரை காத்திருங்கள். வேக எல்லைகள் மைலில் குறிக்கப்படும். தெருவிளக்குகள் உள்ள குடியிருப்பு வீதிகளில் பொதுவாக மணிக்கு 30 மைல், அதாவது சுமார் 48 கிலோமீற்றர் (வேல்ஸில் 20 மைல்). சிறு பிழைகள் 15 வரை மன்னிக்கப்படும். பாரதூரமான பிழை ஒன்றே ஒன்று நேர்ந்தாலும் தோல்விதான். இங்கே எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருந்தாலும், பரீட்சைக்கு முன் அங்குள்ள பயிற்றுநரிடம் சில வகுப்புகள் எடுப்பது நல்லது. தானியங்கிக் காரில் சித்தியடைந்தால் கியர் கார் ஓட்ட அனுமதி கிடைக்காது என்பதையும் மனதில் கொள்ளுங்கள்.

12 மாதங்களுக்குள் சித்தியடையாவிட்டால், மறுநாள் முதல் நீங்கள் பயிலுநரே: தற்காலிக அனுமதிப்பத்திரத்துடன், 'எல்' தகடு பொருத்தி, 21 வயது கடந்தவரும் மூன்று ஆண்டுகளாக முழு அனுமதிப்பத்திரம் வைத்திருப்பவருமான ஒருவர் பக்கத்தில் இருந்தால் மட்டுமே ஓட்டலாம்.