ஆகாயக் கப்பலுக்கு நான் வைத்த தீ: தொலைந்துபோன ‘பாத்ரி’யை எழுதுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஒரு தம்பி, சிறுவர் அறிவியல் புத்தகம் ஒன்றுக்காக எழுதிய அத்தியாயத்தைப் பார்த்துத் தரச் சொல்லி அனுப்பினான். பிரெஞ்சு ராணுவத்தின் ‘பாத்ரி’ ஆகாயக் கப்பல் 1907-இல் கைநழுவிப் போன கதை. முதல் வரியே “வானம் தீப்பற்றியது” என்று இருந்தது. சிரிப்பு வந்தது, உடனே வயிறும் எரிந்தது. பல வருடங்களுக்கு முன்னால் இதே கப்பலுக்கு நானும் தீ வைத்தவன்தான்.

ஆண்டு, எழுத்துப்பிழை சமாசாரத்தை மெய்ப்புப் பார்ப்பவர் கவனித்துக்கொள்வார். நான் சொல்ல வந்தது வேறு.

## எல்லாவற்றையும் செப்பலின் என்பது

ஜெர்மனியில் செப்பலின் பிரபு கட்டிய ஆகாயக் கப்பல்களுக்குத்தான் செப்பலின் என்று பெயர். பாத்ரி செப்பலின் அல்ல. சர்க்கரை ஆலைக் குடும்பத்து லெபோடி சகோதரர்கள் கட்டிக் கொடுத்தது, வடிவமைத்தவர் ஆன்ரி ஜூலியோ. செப்பலினுக்கு உள்ளே முழு உலோக எலும்புக்கூடு உண்டு. பாத்ரிக்கு அடிப்பக்கத்தில் மட்டும் ஒரு சட்டம், மேலே வாயு நிரப்பிய துணிப்பை, அவ்வளவுதான்.

## தீயைத் தேடிக்கொண்டு போவது

என் காசைத் தின்ற தவறு இது. சொந்தச் செலவில் 500 பிரதி சிறுநூல் போட்டேன். அட்டையில் ஆரஞ்சு நிறத் தீப்பிழம்பு, நடுவில் பாத்ரி. ஹைட்ரஜன் நிரப்பியது, அழிந்தது, அப்படியென்றால் எரிந்திருக்கத்தானே வேண்டும்? இதுதான் என் ஆராய்ச்சி! 1937-இல் ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் ஆகாயக் கப்பல் எரிந்த படத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்தப் படம் கண்ணிலேயே ஒட்டிக்கொண்டு, அதற்கு முந்தைய எல்லா விபத்துக்கும் நெருப்பைக் கடன் கொடுத்துவிடுகிறது. கட்டு இன்னும் பரணில் கிடக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவர் ஒவ்வொரு தடவையும் “சார், இதைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாமா?” என்று கேட்பார்.

நடந்தது இது. 1907 நவம்பர் 23-ஆம் தேதி பாரிஸுக்குப் பக்கத்தில் ஷாலே-மியூதோனிலிருந்து கிளம்பி, ஏழு மணி நேரத்துக்குள் அன்றைய ஜெர்மன் எல்லைப் பக்கம் இருந்த வெர்தன் கோட்டைக்குப் பறந்து போனது பாத்ரி. அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. ஆறு நாள் கழித்து, 29-ஆம் தேதி, சூயெம் கிராமத்துப் பக்கம் பறக்கும்போது மெக்கானிக்கின் துணி பற்சக்கரத்தில் சிக்கியது. எஞ்சின் நின்றது, வெட்டவெளியில் இறங்க வேண்டியதாயிற்று. கொட்டகை இல்லை, சுவர் இல்லை, கயிறும் ஆட்களும்தான். மறுநாள் இரவு புயல்காற்று. சுமார் 200 வீரர்கள் பிடித்துப் பார்த்தார்கள், முடியவில்லை. ஆளில்லாத கப்பல் இருட்டில் மேலே போய்விட்டது.

தீ எங்கே? ஒரு பொறிகூட இல்லை. ஒருவரும் சாகவும் இல்லை.

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம். 60 மீட்டர் நீளமும் 10 மீட்டர் விட்டமும் கொண்ட துணிப்பையை யோசித்துப் பாருங்கள். பக்கவாட்டில் காற்று மோதும் பரப்பு 400 சதுர மீட்டருக்கு மேல். மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று அதன் விலாவில் அடித்தால், தோராயமாக 4 முதல் 5 டன் எடை அளவுக்குத் தள்ளும். 200 பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 20, 25 கிலோ. சரி, பிடித்துவிடலாம் என்று தோன்றும். காற்று 75-ஐத் தொட்டால் தள்ளல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதுவும் ஒரே சீராக வராது, வெடுக் வெடுக்கென்று இழுக்கும். எஞ்சின் ஓடாததால் மூக்கைக் காற்றுக்கு எதிரே திருப்பி வைக்கவும் வழியில்லை.

தீப்பிடித்த கதைகளிலும் முதலில் யார் கை வைத்தது என்று பாருங்கள். ஜெர்மன் ராணுவத்துக்கு விற்பதற்காக 24 மணி நேரச் சோதனைப் பறப்பில் இருந்த செப்பலினின் எல்.இசட் 4, எக்டர்டிங்கனில் 1908 ஆகஸ்ட் 5 அன்று எரிந்தது. எரிவதற்கு முன்னால் புயல் அதைக் கட்டிலிருந்து பிடுங்கிவிட்டது. எல்லாக் கப்பலுக்கும் இது பொருந்தும் என்று சொல்லவில்லை. 1913 அக்டோபரில் யோஹானிஸ்டாலில் 28 பேரோடு எரிந்த ஜெர்மன் கடற்படைக் கப்பல் எல் 2-இல் ஹைட்ரஜன்தான் எமன். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

## வீரர்களைக் கோழைகளாக்குவது

“கயிற்றை விட்டுவிட்டு ஓடினார்கள்” என்றும் தம்பி எழுதியிருந்தான். இதற்குக் கொஞ்சம் கோபமே வந்தது. பக்கத்தில் இருப்பவன் விட்டுவிட்டால் மீதிப் பேரின் சுமை கூடும். கடைசிவரை பிடித்திருப்பவன் கயிற்றோடு வானத்துக்குப் போவான். 1932 மே மாதம் கலிபோர்னியாவில் கேம்ப் கியர்னியில் அமெரிக்கக் கடற்படையின் ஆக்ரன் கப்பலை இறக்கும்போது அப்படித்தான் ஆனது. கயிற்றை விடாமல் தொங்கியவர்களில் இருவர் விழுந்து இறந்தார்கள். விடச் சொல்வதும் ஒரு கட்டளைதான்.

## ரெப்யூப்ளிக்கோடு குழப்புவது

ரெப்யூப்ளிக் பிரெஞ்சு ராணுவத்தின் இன்னொரு ஆகாயக் கப்பல். அதே பட்டறை, அதே லெபோடி குடும்பம், இரண்டு வருட இடைவெளி. 1909 செப்டம்பர் 25-இல் மூலேன் நகருக்குப் பக்கத்தில் பறந்துகொண்டிருந்தபோது, உந்துவிசிறியின் உலோக இதழ் ஒன்று உடைந்து துணிப்பையைக் கிழித்தது. நான்கு பேர் இறந்தார்கள். அங்கேயும் தீ இல்லை.

## பெயர்

ஒரு இகரம் கூடினால் பாத்ரி ‘பாதிரி’ ஆகிவிடும். என் சிறுநூலின் 14-ஆம் பக்கத்தில் பாதிரி அயர்லாந்துக்கு மேலே பறக்கிறார்.

## விழுந்த இடத்தைக் குறிப்பது

பாத்ரி கைநழுவிய மறுநாள், டிசம்பர் 1 அன்று, அதை வேல்ஸில் பார்த்தார்கள். அப்புறம் பெல்ஃபாஸ்ட் பக்கம் பாலிடேவியில் தரையில் மோதி, எந்திர பாகங்களை உதிர்த்தது. புறப்பட்ட வயலிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 950 கிலோமீட்டர். பாரம் குறைந்ததும் மறுபடி எழும்பி அட்லாண்டிக் பக்கம் போய்விட்டது. கடைசியில் எங்கே விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. வரைபடத்தில் கடலுக்கு நடுவே பெருக்கல் குறி போடாதீர்கள்.

எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். “அண்ணே, அப்போ அட்டைக்கு என்னதான் போடுறது?” என்று கேட்டான். இருட்டில் கயிறு இழுக்கிறவர்களை வரையேன் என்றேன். நேற்று படம் வந்தது. கயிற்றில் பதினொரு பேர் இருக்கிறார்கள். மீதி 189 பேரையும் வரையச் சொல்லியிருக்கிறேன்.