அமெரிக்க அதிபர் தேர்தல்: கட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது நம்மவர்கள் செய்யும் தவறுகள்

2024 நவம்பரில் முதல்முறையாக ஓட்டுப் போட்ட நண்பர் ஒருவர், சாவடியை விட்டு வெளியே வந்ததும் என்னிடம் கேட்டது இதுதான்: "என்னங்க இது? டிரம்ப்பா, ஹாரிஸான்னு ஒண்ணைத் தொட்டுட்டு வரலாம்னு போனா, ஷெரீப், நீதிபதி, ரயில்ரோடு கமிஷனர்னு வந்துக்கிட்டே இருக்கு!"

நாங்கள் இருப்பது டெக்சஸில். இங்கே சாவடிக்குள் போனை எடுக்கவே கூடாது, அதனால் கூகுளைக் கேட்கவும் வழியில்லை. (ரயில்ரோடு கமிஷனுக்கும் ரயிலுக்கும் இப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது பார்ப்பது எண்ணெய், எரிவாயு. பெயர் மட்டும் பழையது.) முதல் வரியில் இருந்த அதிபர் பெயரை நிதானமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, மற்றதையெல்லாம் குத்துமதிப்பாகப் போட்டுவிட்டு வந்திருந்தார் மனிதர்.

இத்தனைக்கும் எந்தக் கட்சி என்று முடிவெடுக்க அவர் ஆறு மாதம் மண்டையைக் குடைந்துகொண்டவர். அவருக்கு மூன்று மனக்குறைகள். வீட்டு வரி ஏறிக்கொண்டே போகிறது. மச்சினனுக்குக் கிரீன் கார்டு வந்தபாடில்லை. கேஸ் விலை (இங்கே கேஸ் என்றால் பெட்ரோல்) கையைக் கடிக்கிறது. இந்த மூன்றையும் எந்தக் கட்சி தீர்க்கும் என்று பார்த்துப் பார்த்து ஓட்டுப் போட்டார். மூன்றில் ஒன்றைக்கூட அதிபர் என்கிற அந்த ஒற்றை நாற்காலியால் தீர்க்க முடியாது.

நான் பார்த்தவரை மற்ற தவறுகள் முக்கால்வாசியும் இந்தத் தவறிலிருந்தே கிளைக்கின்றன. ஊரில் நமக்குப் பழகியது வேறு. தலைவர் ஜெயித்தால் ஆட்சி. கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால், கட்சித் தாவல் தடைச் சட்டத்தில் பதவி போகும். அதனால் தலைவர் சொன்னது நடக்கும். அமெரிக்காவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஒபாமா கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழிப்போம் என்று ஏழு வருடம் சொல்லிக்கொண்டிருந்தது குடியரசுக் கட்சி. 2017இல் அதிபர் பதவி, நாடாளுமன்றத்தின் இரு அவைகளான செனட், பிரதிநிதிகள் சபை மூன்றும் அவர்கள் கையில். ஜூலை மாத நள்ளிரவு தாண்டிய ஒரு வேளையில் ஜான் மெக்கெயின் செனட் அவைக்கு நடுவே வந்து, கட்டைவிரலைக் கீழே காட்டினார். 51க்கு 49 என்று மசோதா விழுந்தது. மெக்கெயின் அதே கட்சிக்காரர், 2008இல் அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர். அவர் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக, கட்சியின் வாக்குறுதிப் பட்டியலைப் படித்துவிட்டு ஓட்டுப் போடுவது பாதி வேலைதான். இதைச் செய்ய எந்த நாற்காலிக்கு அதிகாரம் இருக்கிறது என்று கேட்பது மீதிப் பாதி.

நண்பரின் மூன்று குறைகளையே எடுத்துக்கொள்வோம்.

மச்சினனின் கிரீன் கார்டு முதலில். வேலை அடிப்படையில் வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள், அதில் எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இது 1990ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த அளவு. இந்தியாவுக்கும் 7, ஐஸ்லாந்துக்கும் 7. நம் ஆட்களின் வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்பதற்கு விடை இந்த ஒரு வரியில் இருக்கிறது. இதை மாற்ற வேண்டியது காங்கிரஸ் (இங்கே காங்கிரஸ் என்றால் அந்த இரு அவைகளும் சேர்ந்த நாடாளுமன்றம்). 2019இல் வேலை வழி கிரீன் கார்டில் இந்த நாட்டு வரம்பை நீக்கும் மசோதா பிரதிநிதிகள் சபையில் 365க்கு 65 என்று நிறைவேறியது. இரண்டு கட்சியிலும் ஆதரித்தவர்கள் ஏராளம். 2020 டிசம்பரில் செனட்டும் தன் பங்குக்குச் சில மாற்றங்களுடன் ஒன்றை நிறைவேற்றியது. இரண்டையும் ஒன்றாக்குவதற்குள் அந்தக் காங்கிரஸின் இரண்டு வருட ஆயுளே முடிந்துபோனது. இதில் எந்தக் கட்சியை நொந்துகொள்வது?

இதற்காக, குடியேற்றத்தில் அதிபருக்கு வேலையே இல்லை என்று நினைப்பதும் தப்பு. ஹெச்1பி என்கிற வேலை விசாவில் இருப்பவர்களின் துணைவர்களுக்கு ஹெச்4 விசா. அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை அனுமதி கிடைத்தது 2015இல், ஒபாமா அரசின் விதியால். புதிய ஹெச்1பி விண்ணப்பங்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் வந்தது டிரம்ப்பின் ஒரு கையெழுத்தால். சட்டத்தால் மாறுவது எது, கையெழுத்தால் மாறுவது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் வேட்பாளரின் பேச்சில் எது சரக்கு, எது காற்று என்பது தெரிந்துவிடும்.

கேஸ் விலை பற்றி நீட்டி முழக்க வேண்டாம். 2008 ஜூலையில் ஒரு கேலன் 4 டாலரைத் தாண்டியிருந்தது. அதே டிசம்பரில் 2 டாலருக்கும் கீழே. இரண்டு நேரத்திலும் அதிபர் புஷ்தான். அவர் எதையும் சாதித்துவிடவில்லை, பொருளாதாரம் குப்புற விழுந்தது, அவ்வளவுதான். விலைப் பலகையைப் பார்த்து அதிபருக்கு மார்க் போடுகிறவர்கள் அந்த டிசம்பரில் அவருக்கு நூற்றுக்கு நூறு கொடுத்திருக்க வேண்டும்.

வீட்டு வரி இன்னும் வேடிக்கை. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அதற்கும் சேர்த்து வீட்டின் தலையில் விழுகிறது. அந்த பில்லில் பெரும்பங்கு, ஊர்ப் பள்ளிகளை நடத்தும் பள்ளி மாவட்டத்துக்கு. அதைத் தீர்மானிப்பது உள்ளூர்ப் பள்ளி வாரியமும் மாநிலத் தலைநகர் ஆஸ்டினில் இருக்கும் சட்டமன்றமும். குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் பள்ளி வரிக்குக் கிடைக்கும் விலக்கு 2023 நவம்பரில் 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்ந்தது, நேரடியாக மக்கள் வாக்கெடுப்பில். அது அதிபர் தேர்தல் இல்லாத வருடம். நண்பர் அப்போதே சிட்டிசன். ஆனால் வாக்காளர் பதிவைப் "பெரிய எலெக்‌ஷன் வரட்டும்" என்று தள்ளிப் போட்டிருந்தார்.

சரி, அதிபர் நாற்காலியில் உண்மையாகவே என்னதான் இருக்கிறது? வெளியுறவு, படை, துறைகளின் விதிகள், அண்மைக் காலத்தில் பார்த்தோமே, இறக்குமதி வரியும் ஓரளவு. இவற்றோடு நீதிபதி நியமனம். நம்மவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவே மறப்பது இந்தக் கடைசி விஷயத்தை. கிளாரன்ஸ் தாமஸை 1991இல் உச்ச நீதிமன்றத்துக்கு நியமித்தவர் மூத்த புஷ். அந்தப் பதவி ஆயுளுக்கும். புஷ் போய், அவருக்குப் பின் ஆறு அதிபர் தேர்தல்கள் கடந்து, 2018இல் காலமும் ஆகிவிட்டார். 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பை ரத்து செய்த பெரும்பான்மையில் தாமஸ் இருந்தார். அதே அணியில் டிரம்ப் தன் முதல் நான்காண்டில் நியமித்த மூவரும் இருந்தார்கள். 1988இல் ஓட்டுப் போட்டவர் எதை நினைத்துப் போட்டாரோ, விளைவு 34 வருடம் கழித்தும் வந்து நிற்கிறது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது அவரவர் நிலைப்பாடு. ஆனால் நான்கு வருடத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொண்டு முப்பது வருடத்துக்குத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது "நம்ம ஆளு". ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸின் தாத்தா ஊரான துளசேந்திரபுரத்தில், மன்னார்குடிப் பக்கம், 2020இலும் 2024இலும் கோயிலில் பூஜை செய்தார்கள். ஊர்க்காரர்களின் பாசம் அது, யாருக்கும் நஷ்டம் இல்லை. இந்தப் பக்கம் விவேக் ராமசாமியின் பெற்றோர் பாலக்காட்டிலிருந்து போன தமிழ்க் குடும்பம். அவர் குடியரசுக் கட்சி வேட்பாளராக முயன்றவர். இரண்டு பேரும் தமிழ் வேர் உள்ளவர்கள்தான். வரி, துப்பாக்கி, குடியேற்றம், பருவநிலை என்று எதை எடுத்தாலும் இருவரும் எதிரெதிர் துருவம். வேரைப் பார்த்து ஓட்டுப் போடுகிறவர் இவர்களில் யாருக்குப் போடுவார்?

"இந்தியாவுக்கு எந்தக் கட்சி நல்லது" என்பதும் இதற்கு அண்ணன் தம்பி. 1971 போரில் ஏழாவது கடற்படைப் பிரிவின் கப்பல்களை வங்காள விரிகுடாவுக்கு அனுப்பிய நிக்சன் குடியரசுக் கட்சி. 2008இல் அணுசக்தி ஒப்பந்தத்தை முடித்துக்கொடுத்த புஷ்ஷும் அதே கட்சி. பொக்ரானுக்குப் பிறகு 1998இல் தடை விதித்தது ஜனநாயகக் கட்சியின் கிளின்டன் அரசு. இரண்டே வருடத்தில் டெல்லிக்கு வந்து நாடாளுமன்றத்தில் பேசிவிட்டுப் போனதும் அதே கிளின்டன். 2019 செப்டம்பரில் ஹூஸ்டன் அரங்கில் மோடியும் டிரம்ப்பும் கைகோத்து வலம் வந்தபோது எங்கள் வாட்ஸப் குழுவில் போன் சூடாகும் அளவுக்குப் படங்கள். 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டதும் அதே டிரம்ப். அந்த நாள் குழு ரொம்ப அமைதி.

நிறத்தையும் பெயரையும் வைத்து எடைபோடுவதும் உண்டு. நமக்குச் சிவப்பு என்றால் அரிவாள் சுத்தியல், இங்கே சிவப்பு வலதுசாரிக் குடியரசுக் கட்சி. அதுவும் 2000 தேர்தலுக்குப் பிறகு தொலைக்காட்சிகளால் நிலைத்த வழக்கம். "அடிமை முறையை ஒழித்த லிங்கனின் கட்சி" என்பது உண்மை, "இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்ட ஜான்சனின் கட்சி" (ஜனநாயகக் கட்சி) என்பதும் உண்மை. அந்தச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்த தெற்கத்தி செனட்டர்கள் பெரும்பாலும் ஜான்சனின் கட்சிக்காரர்கள் என்பதும் உண்மை. தாத்தா காலத்துக் கட்சியை வைத்து இன்றைக்கு முடிவெடுத்தால், கதவிலக்கம் மாறிய வீட்டுக்குக் கடிதம் போட்ட கதைதான்.

இனி ஓட்டின் கணக்கு. அதிபரைத் தீர்மானிப்பது மாநிலங்களுக்குப் பங்கிட்ட தேர்வாளர் வாக்குகள். மொத்தம் 538, 270 வாங்கினால் வெற்றி. மெய்ன், நெப்ராஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்கு மொத்தமும் அவருக்கே. 2024இல் டெக்சஸில் ஹாரிஸுக்கு விழுந்த 48 லட்சம் ஓட்டுக்குக் கிடைத்த தேர்வாளர் வாக்கு பூஜ்யம். கலிபோர்னியாவில் டிரம்ப்புக்கு விழுந்த 60 லட்சத்துக்கும் அதே பூஜ்யம். நாடு முழுவதற்குமான கருத்துக்கணிப்பை வைத்து "ஜெயித்தாச்சு" என்று தூங்கப் போனவர்களுக்கு 2016 பாடம். ஹிலாரி 28 லட்சம் ஓட்டு கூடுதலாக வாங்கித் தோற்றார்.

"ரெண்டுமே சரியில்லை, மூணாவது ஆளுக்குப் போடுறேன்" என்கிறவர்களிடம் நான் கேட்பது, நீங்கள் எந்த மாநிலம் என்றுதான். 1992இல் ராஸ் பெரோ கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார், தேர்வாளர் வாக்கு ஒன்றுகூட இல்லை. 2000இல் புளோரிடாவில் புஷ்ஷுக்கும் ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கும் வித்தியாசம் 537 ஓட்டு. அங்கே ரால்ஃப் நேடர் வாங்கியது 97,000க்கு மேல். முடிவு முன்கூட்டியே தெரிந்த மாநிலத்தில் மூன்றாவது ஆளுக்குப் போடுவது ஒரு செய்தி. இழுபறி மாநிலத்தில் அதுவே முடிவாகிவிடலாம். இரண்டும் உரிமைதான், தெரிந்து செய்யுங்கள்.

அதேபோல் "எங்கள் மாநிலத்தில் என் ஓட்டு வீண்" என்பதும் வாக்குச்சீட்டில் அதிபர் பெயரோடு நின்றுவிடுகிறவர்களின் பேச்சு. இங்கே பல தொகுதிகளில் நவம்பர் வெறும் சம்பிரதாயம், மார்ச் மாத பிரைமரியிலேயே (கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல்) முடிவு ஆகிவிடும். கட்சியில் பதிவு செய்துகொண்டால் அப்புறம் மாற முடியாதோ என்று பயப்படுகிறவர்களைப் பார்க்கிறேன். டெக்சஸில் கட்சிப் பதிவே கிடையாது, எந்தக் கட்சியின் பிரைமரியிலும் போடலாம், ஒன்றில் மட்டும். பென்சில்வேனியா, புளோரிடா போன்ற இடங்களில் அந்தக் கட்சியில் பதிந்தவர் மட்டுமே போட முடியும். எங்கே எப்படிப் பதிந்தாலும் நவம்பரில் யாருக்குப் போடுவது என்பதை அது கட்டுப்படுத்தாது.

ஒரே கட்சிக்கு மேலிருந்து கீழ்வரை போட வேண்டும் என்றும் இல்லை. 2020இல் புளோரிடா டிரம்ப்பை ஜெயிக்க வைத்தது, அதே நாளில் குறைந்தபட்சக் கூலியை 15 டாலராக்கும் தீர்மானத்தையும் 60 சதவீதத்துக்கு மேல் ஆதரித்து நிறைவேற்றியது. அதே 2020இல் மெய்ன் மாநிலம் பைடனையும் தேர்ந்தெடுத்தது, குடியரசுக் கட்சி செனட்டர் சூசன் காலின்ஸையும் திரும்ப அனுப்பியது.

கடைசியாக, கட்சி எதுவானாலும் வாழ்க்கையையே கவிழ்க்கக்கூடிய ஒரு தவறு. கிரீன் கார்டு இருந்தாலும் சிட்டிசன் ஆகும்வரை அதிபர் தேர்தலில் ஓட்டுக் கிடையாது. ஆனால் டிரைவிங் லைசென்ஸ் வாங்கப் போகிற இடத்தில், விண்ணப்பத்திலேயே வாக்காளராகப் பதியவா என்று கேட்பார்கள், 1993 சட்டப்படி. அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. சிட்டிசன் என்று பொய்யாகச் சொன்னதாக அது ஆனால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும். பிடித்த வேட்பாளருக்கு நன்கொடை கொடுப்பதிலும் வரம்பு உண்டு: கிரீன் கார்டுக்காரர் கொடுக்கலாம், ஹெச்1பியில் இருப்பவர் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. ஆர்வக்கோளாறில் லிங்க்கைத் தட்டுவதற்கு முன் வீட்டில் ஒருவராவது விசாவை ஞாபகப்படுத்துங்கள்.

நண்பர் அப்புறம் 2025 மே மாதம் பள்ளி வாரியத் தேர்தலுக்குப் போனார். போனை காரிலேயே வைத்துவிட்டு, மாதிரி வாக்குச்சீட்டைப் பார்த்து எழுதிய துண்டுக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. காகிதத்துக்குத் தடை இல்லை. வரிசையில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று கேட்டேன். "வரிசையா? எனக்கு முன்னால ஒரு பாட்டி நின்னாங்க. எனக்குப் பின்னால யாரும் இல்லை" என்றார்.